இரவல் பாவாடை

வாசலில் எனக்கு இரண்டு வேலை.
பாட்டுப் புத்தகம் கொடுப்பது,
காற்சட்டையோடு வரும் பெண்களுக்குப்
பாவாடை கொடுப்பது.

பதினோரு பாவாடைகள். நானே தைத்தவை.
கறுப்பு, பழுப்பு, ஒன்று மட்டும் கரும்பச்சை,
ஜேக்கப்ஸ் மில்லில் துண்டுத் துணி
மலிவாகக் கிடைத்த வாரம்.
எந்த இடுப்புக்கும் எலாஸ்டிக்.
திருவிருந்துக் கிண்ணங்களுக்குக் கீழ்த்தட்டில்
மடித்து வைத்திருக்கிறேன்.

மெர்பேங்கில் வெளிச்சத்துக்கு முன்னால்
எண்ணெய் ஆலையின் வாடை எழும்.
அந்த வாடையோடு வந்தாள் ஷாமலா ரெங்கன்,
இரவெல்லாம் ஆலை வாயிலில் நின்ற காவல்காரி.
நீலச் சீருடை, காற்சட்டை, ஈரம் காயாத பூட்ஸ்.
போன இரண்டு ஞாயிறும்
மதிலுக்கு வெளியே நின்று கேட்டாளாம்.

கரும்பச்சையை நீட்டினேன்.
காற்சட்டைக்கு மேலேயே இழுத்து மாட்டினாள்.
இடுப்பு டார்ச்சை அணைக்க மறந்திருந்தாள்.
துணிக்குள்ளே, தொடையருகே,
ஒரு பச்சை நிலா.

பிரசங்கத்துக்கு முன்பே தூங்கிப்போனாள்.
போகும்போது மடித்துத் தந்தாள்,
அளவு சேராத செருப்பைக்
கடையில் திருப்பித் தருகிறவள் போல.
அதற்குப் பின் நான்கு ஞாயிறு
கரும்பச்சை மடிப்புக் கலையவில்லை.

வியாழக்கிழமை கமிட்டி. மின்வெட்டு. கேஸ் விளக்கு.
விதி ஏழு.

பாஸ்டர் மூனிசாமி கெட்டவர் இல்லை.
"குடியிலிருந்து எழுந்தவன் நான்.
யாரோ கோடு போட்டுக் கொடுத்தார்கள்,
அதன்மேல் நடந்துதான் வீடு சேர்ந்தேன்" என்றார்.
கோப்பையில் தேநீர் ஆடியது.
பேர்ல் நாயுடு, "இன்றைக்குக் காற்சட்டை, நாளைக்கு?"
நாளைக்கு என்ன என்று அவளும் சொல்லவில்லை.
கிளேட்டன், இருபத்துமூன்று வயது, எழுந்து நின்றான்:
"கர்த்தர் துணியையா பார்க்கிறார்?"
சரிதான்.
ஆனாலும் அவன் வாயில் அது
காசு கொடுக்காமல் எடுத்துவந்த பொருள்போல் இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எண்பத்தொன்பதில்
கடலில் முழுகி எழுந்த அன்று
ஜீன்ஸை விட்டேன். யாரும் சொல்லவில்லை.
ஒருவன் பார்ப்பதற்காக வாங்கியது அது.
போட்டால் அவன் கண்ணால்
என்னையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவ்வளவுதான் காரணம்.
இதைக் கமிட்டியில் எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், அவளும் விட்டாள்.
பத்துப் பேர் விட்டோம்.
பிறகு யாரோ அதற்கு எண் போட்டார்கள்.

யாரோ இல்லை. செயலாளர் அப்போது நான்.
நீல மை, என் கையெழுத்து.
நான் மனதார வைத்த காணிக்கைக்கு
மற்றவர்கள் பெயரில் ரசீது கிழித்தவள் நான்.

"சாகிறவரை பாவாடைதான் உடுத்துவேன்" என்றேன்.
"இன்னொருத்திக்கு அதை மாட்டிவிட
இனி என்னால் ஆகாது."
பாஸ்டர் நிதானமாகக் கேட்டார்,
"அப்படியானால் உனக்கு மட்டும்தான் அது சத்தியமா?"

பதில் வரவில்லை.
நான்கு நாளாகியும் வரவில்லை.
கேஸ் தீர்ந்தது. ஒத்திவைக்கப்பட்டது என்று
இருட்டிலேயே எழுதினோம்.

ஞாயிறு.
பதினொன்றும் என் வீட்டுக் கொடியில் தொங்குகின்றன.
துவைத்தேன், காயவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.
ஆலைக்கரி படியும். படியட்டும்.
இடக்கையில் பாட்டுப் புத்தகங்கள்.
வலக்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

டாரா சாலைப் பக்கமாக ஷிப்ட் முடிந்து
நீலச் சீருடைகள் போகின்றன.
ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வந்தவள் வினோலியா.
ஆஸ்பத்திரி இரவு வேலை, வெள்ளைக் காற்சட்டை.
ஆறு வருடமாக வருகிறாள்.
புத்தகத்தை வாங்கிக்கொண்டு
வழக்கம்போல மறு கையை நீட்டினாள்.

"இன்றைக்கு இல்லை" என்றேன். "அப்படியே போ."

"அப்படியேவா?"
அலமாரியைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள்,
என் பாவாடையைப் பார்த்தாள்.
"உனக்கென்ன, நீ சொல்வாய்" என்றாள்.

படியில் அவள் நின்றாள்.
நானும் நின்றேன்.
உள்ளே முதல் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.